‘நண்பர் வண்டி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நானும் மனைவியும் ஈரோட்டில் வசிக்கிறோம். திருமணத்துக்குப் பிறகு முதல் பயணமாகக் குன்னூர், ஊட்டி, கோத்தகிரி என்று மூன்று நாள் மலைப்பாதையில் நிதானமாகச் சுற்றி வந்தோம். இணையத்தில் விளம்பரம் பார்த்து, கோவையில் ஒருவரிடம் கார் வாடகைக்கு எடுத்தோம். ஒரு நாளைக்கு 2,500 ரூபாய் என்று பேசி யுபிஐ மூலம் அனுப்பினேன். முன்பணமாக 10,000 ரூபாயும், தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட ஒரு காசோலையும் வாங்கிக்கொண்டார். வண்டிக்கு வெள்ளை நம்பர் பிளேட். மேட்டுப்பாளையத்தை நெருங்கும்போது, “செக்போஸ்ட்டில் கேட்டா நண்பர் வண்டின்னு சொல்லிடுங்க” என்று வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார்.

கடைசி நாள் கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில், ஏறி வந்த பேருந்துக்கு வழிவிட ஒதுங்கினேன். வண்டியின் இடப்பக்கம் தடுப்புச்சுவரில் உரசியது. கதவு நசுங்கி, பக்கக் கண்ணாடி உடைந்தது. யாருக்கும் அடியில்லை. இப்போது அவர், பழுது பார்க்க 68,000, வண்டி நிற்கும் 20 நாளுக்கு வாடகை இழப்பு 50,000, ஆக 1,18,000 ரூபாய் கேட்கிறார். ‘நண்பர் என்ற முறையில் இலவசமாக வாங்கி ஓட்டினேன்’ என்று இன்ஷூரன்ஸுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டால் 25,000 கொடுத்தால் போதுமாம். இல்லையென்றால் காசோலையை வங்கியில் போடுவேன், போலீசுக்கும் போவேன் என்கிறார். மனைவி கையெழுத்துப் போடவே கூடாது என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்? அந்த வளைவில் யார் மீதாவது மோதியிருந்தால் எங்கள் நிலை என்ன ஆகியிருக்கும்?

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் பேசிச் சரிசெய்ய முடியும். இந்தக் கையெழுத்தை மட்டும் பிறகு திரும்பப் பெற முடியாது.

காரணம் இதுதான். பொய்யான தகவலைக் கொடுத்துக் காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் பெறுவது ஏமாற்றுக் குற்றம். குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவின்படி அதற்கு ஏழு ஆண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. பணம் வாகன உரிமையாளருக்குத்தான் போகும், ஆனால் பொய்யை எழுதிக் கொடுத்தவர் நீங்கள். அதை உடைக்க ஒரு விசாரணையாளருக்கு அதிக நேரம் ஆகாது. நீங்கள் வாடகை அனுப்பிய யுபிஐ பதிவு இரண்டு வங்கிக் கணக்குகளிலும் இருக்கிறது.

அந்தக் கடிதத்தில் இன்னொரு பொறியும் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, பணம் கொடுத்துச் சேவை பெறுபவர்தான் நுகர்வோர். ‘இலவசமாக வாங்கி ஓட்டினேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால், நாளைக்கு முன்பணத்தைக் கேட்டு நுகர்வோர் ஆணையத்தில் நிற்கும்போது எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்தக் காகிதத்தைத்தான். உங்கள் வழக்கை உங்கள் கையாலேயே மூடிவிடுவீர்கள்.

சரி, உண்மையைச் சொன்னால் இன்ஷூரன்ஸ் ஒரு பைசா தராது என்று அவர் சொல்லியிருப்பார். அதுவும் முழு உண்மை இல்லை. சொந்த உபயோகத்துக்கான பாலிசியில், வாடகைக்கு விடக்கூடாது என்ற நிபந்தனை இருக்கும். அதை அவர் மீறியிருக்கிறார். ஆனால் 2010-இல் அமலேந்து சாஹூ வழக்கில், இதே போல வாடகைக்கு விடப்பட்ட தனியார் வண்டியின் கோரிக்கையைக் காப்பீட்டு நிறுவனம் அடியோடு நிராகரித்தது சரியல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, ஒரு பகுதித் தொகையைக் கொடுக்க வைத்தது. அதாவது, நடந்ததை நடந்தபடி எழுதி ஒரு பகுதியைக் கேட்கும் வழி அவருக்கு இருக்கிறது. அந்த வழியில் போனால் வெள்ளை போர்டு வண்டியை, அதாவது சொந்த உபயோகத்துக்கு மட்டுமான வண்டியை, வாடகைக்கு விட்டதை அவரே ஒப்புக்கொள்ள வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் உங்கள் கையெழுத்தைக் கேட்கிறார்.

நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் கார்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 75-ஆம் பிரிவின் கீழ் 1989-இல் ஒரு தனித் திட்டமே வந்தது. அதன்படி உரிமம் வேண்டும், குறைந்தது 50 வண்டிகள் வேண்டும், அவற்றுக்குச் சுற்றுலா பெர்மிட் வேண்டும். அந்த வண்டிகளுக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. பெர்மிட் இல்லாமல் வண்டியை வாடகைக்கு விட்டால் 192-ஏ பிரிவின்படி முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம்வரை சிறையும் வரலாம். போலீசுக்குப் போவேன் என்று மிரட்டுபவர் அங்கே போய் முதலில் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். வண்டியை நீங்கள் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள், யாருக்கும் காயமில்லை. மீதி இருப்பது பணத் தகராறு, அதாவது சிவில் விவகாரம். நிலையத்திலிருந்து யாராவது போனில் கூப்பிட்டால் மரியாதையாகப் பேசுங்கள், எழுத்து மூலம் அழைப்பு கேளுங்கள், வழக்கறிஞரோடு போங்கள். அங்கே வைத்து எந்தத் தொகைக்கும் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்காதீர்கள்.

இனி உங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காத பகுதி. அவர் சட்டத்தை மீறினார் என்பதால் உங்கள் பொறுப்பு முழுவதும் கழன்றுவிடாது. இன்னொருவர் பொருளை வாங்கி உபயோகிப்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு. அப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று காட்ட வேண்டியவரும் நீங்கள்தான். உங்கள் பக்கம் வலுவான ஒரு விஷயம் இருக்கிறது. மலைப்பாதையில் அகலம் போதாத இடத்தில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும், விதியே அதுதான். அதைத்தான் நீங்கள் செய்தீர்கள். பேருந்து வளைவில் அகலமாகத் திரும்பி வரும்போது கார்க்காரருக்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்பது நீலகிரிப் பாதையில் ஓட்டிய எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் சுவரில் உரசியது உங்கள் கணிப்புப் பிழை என்று ஒரு நீதிமன்றம் கருத இடமுண்டு. எனவே நியாயமான பழுதுச் செலவில் ஒரு பங்கைத் தரத் தயாராக இருங்கள். அது உங்கள் நேர்மைக்கும் நல்லது, பின்னால் வழக்குக்கும் நல்லது.

ஆனால் 68,000 என்று வாயால் சொன்ன தொகைக்கு அல்ல. எந்தப் பட்டறை, எந்தெந்த பாகம், மாற்றுகிறார்களா, தட்டி எடுத்து பெயின்ட் அடிக்கிறார்களா என்று ஜிஎஸ்டி பில்லோடு கேளுங்கள். வண்டியை எடுத்த அன்று நீங்களோ அவரோ எடுத்த படங்கள் இருந்தால் பழைய கீறல்களைப் பிரித்துக் காட்டலாம். சேதத்தின் படங்களை வேறொரு பட்டறையில் காட்டி ஒரு மதிப்பீடு வாங்குங்கள். ஒப்பந்தத்தில் ஒரு தொகை அச்சடித்திருந்தாலும் அதை அப்படியே வசூலிக்க முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டை மட்டுமே அனுமதிக்கிறது. இழப்பைக் கணக்கிட முடிகிற இடத்தில் அதை நிரூபித்தாக வேண்டும் என்று 2015-இல் கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

20 நாள் வாடகை இழப்பு என்ற 50,000 ரூபாயை நான் ஒரு ரூபாய்கூட ஏற்கமாட்டேன். அந்த வண்டியை வாடகைக்கு விடவே அவருக்கு உரிமை இல்லை. சட்டம் தடுத்த வருமானத்தை இழந்தேன் என்று நீதிமன்றத்தில் போய் நிற்க முடியாது.

இதில் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது அந்தக் காசோலை. ‘வெற்றுக் காசோலைதானே, செல்லாது’ என்று நண்பர்கள் சொல்லலாம். நம்பாதீர்கள். கையெழுத்துப் போட்டு மனமறிந்து கொடுத்த காசோலையில் பிறகு தொகை நிரப்பப்பட்டாலும், கடனுக்காகக் கொடுத்ததாகவே சட்டம் முதலில் அனுமானிக்கும் என்று 2019-இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த அனுமானத்தை உடைக்கும் பொறுப்பு உங்களுடையது. உடைக்க முடியும், ஆனால் அதற்கான ஆதாரத்தை இப்போதே உருவாக்க வேண்டும்.

இந்த வாரமே அவருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள், அதன் படத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வையுங்கள். வாடகைக்கு எடுத்த தேதி, அனுப்பிய தொகை, முன்பணம், இந்த எண்ணுள்ள காசோலை பாதுகாப்புக்காக மட்டுமே தொகை எழுதாமல் கொடுக்கப்பட்டது என்பது, 1,18,000 ரூபாய்க் கோரிக்கையை நீங்கள் ஏற்கவில்லை என்பது, உரிய பில்லைக் காட்டினால் நியாயமான பழுதுச் செலவைப் பேசத் தயார் என்பது, காசோலையைத் திருப்பித் தர வேண்டும் என்பது எல்லாம் அதில் இருக்கட்டும். ‘என் சட்ட உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். பேரத்துக்காகச் சொன்ன தொகை பிறகு ஒப்புதல் வாக்குமூலமாக மாறாமல் இருக்க அது உதவும்.

வங்கியில் அந்தக் காசோலைக்குப் பணம் தர வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். அதனால் மட்டும், பணமின்றித் திரும்பும் காசோலைகளுக்கான 138-ஆம் பிரிவு வழக்கு வராது என்று நினைக்க வேண்டாம். காசோலை திரும்பினால், வங்கி தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கைக்கு வந்ததிலிருந்து உங்களுக்கு 15 நாள் அவகாசம். அந்த நோட்டீஸுக்குப் பதில் போடாமல் விடுவதுதான் இந்த வழக்குகளில் பலரும் செய்யும் பெரிய தவறு. நோட்டீஸ் வந்த அன்றே வழக்கறிஞரிடம் எடுத்துப் போங்கள். தபால்காரரைத் திருப்பி அனுப்புவதும் கணக்கை மூடுவதும் உங்களுக்கு எதிராகவே போகும்.

ஆதாரங்கள் எல்லாம் உங்கள் போனில்தான் இருக்கின்றன. ‘நண்பர் வண்டின்னு சொல்லிடுங்க’ என்ற குரல் செய்தி இந்த விவகாரத்தின் உயிர்நாடி. வண்டி வாடகை வண்டிதான், அதை மறைக்கச் சொன்னவர் அவர்தான் என்று இரண்டையும் ஒரே வரியில் அவரே சொல்லியிருக்கிறார். அதை அழித்துவிடாதீர்கள், போனை மாற்றாதீர்கள், முழு உரையாடலையும் தனியாக எடுத்துச் சேமியுங்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றும் இணைக்க வேண்டியிருக்கும், அதை வழக்கறிஞர் தயாரித்துக் கொடுப்பார். நீலகிரிக்குள் நுழைய நீங்கள் எடுத்த இ-பாஸையும் பத்திரப்படுத்துங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த அந்த இ-பாஸில் வண்டி எண்ணும் தேதியும் இருக்கும். அந்த நாட்களில் அந்த வண்டி உங்களிடம் சுற்றுலாவுக்காக இருந்தது என்பதற்கு அரசு ஆவணமே சாட்சி.

கடிதத்துக்கு அவர் மசியவில்லை என்றால், முன்பணத்தையும் காசோலையையும் கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கோவைக்கு அலைய வேண்டாம். 2019 சட்டம் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது, ஈரோட்டிலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம்வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகாரைப் பதிவு செய்து பாருங்கள். மனுவில் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று தலைப்பிட்டால் அது மாநில ஆணையத்துக்குப் போக வேண்டிய விஷயமாகிவிடும். சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற அடிப்படையிலேயே நிற்கட்டும்.

உங்கள் வழக்கின் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘வெள்ளை போர்டு என்று பார்த்துத்தானே எடுத்தீர்கள்’ என்று கேட்பார்கள். போர்டின் நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று அப்போது தெரியாது, மறைக்கச் சொன்னதும் பணம் கட்டிக் கிளம்பிய பிறகுதான் என்று உள்ளதைச் சொல்லுங்கள். குரல் செய்தியின் நேரமும் யுபிஐ நேரமும் அதை உறுதிப்படுத்தும். செக்போஸ்ட்டில் உண்மையிலேயே ‘நண்பர் வண்டி’ என்று சொல்லியிருந்தால், அதையும் உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள்.

அந்த வளைவில் யார் மீதாவது மோதியிருந்தால் என்ற கேள்விக்கு வருகிறேன். வாடகைக்கு ஓட்ட பெர்மிட் இல்லாத வண்டியை வாடகைக்கு விட்டிருந்தால், இழப்பீடு தரும் பொறுப்பை மறுக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. தீர்ப்பாயங்கள் பல நேரம், முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று நிறுவனத்துக்கு உத்தரவிடும். அப்படியே வரும் என்ற உத்தரவாதம் இல்லை. வராவிட்டால் லட்சக்கணக்கான இழப்பீடு உரிமையாளர் தலையிலும், கவனக்குறைவாக ஓட்டியவர் என்ற முறையில் உங்கள் தலையிலும் விழும். உயிரிழப்போ காயமோ என்றால் உங்கள் மீது குற்ற வழக்கும் தனியாக நடக்கும். இன்னொன்று, அந்தப் பாலிசி மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமாக இருந்திருந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் மனைவிக்கு அடிபட்டிருந்தாலும் இழப்பீடு கிடைப்பது கடினம். இதைப் படித்துப் பயந்து மலைக்குப் போவதையே விட்டுவிடாதீர்கள், சரியான வண்டியில் போங்கள்.

அடுத்த முறை சாவியை வாங்கும் முன் நம்பர் பலகை கறுப்பு நிறத்தில் மஞ்சள் எழுத்தோடு இருக்கிறதா என்று பாருங்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, உரிமையாளர் விவரம், வண்டியின் வகை, காப்பீடு முடியும் தேதியைச் சரிபாருங்கள். 192-ஏ பிரிவின் வாசகம் வண்டியை ஓட்டுபவரையும் சேர்த்தே பேசுகிறது, எனவே இது உங்களுக்கான பாதுகாப்பும்தான். விபத்தானால் நீங்கள் அதிகபட்சம் எவ்வளவு தர வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். முன்பணத்தை யுபிஐயில் கொடுங்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை கேட்டால், அந்த வண்டி வேண்டாம்.