தொலைதூர பைக் பயணத்தில் தடங்கலுக்கு மேல் தடங்கல் வந்தால் திரும்பிவிடுவதா, தொடர்வதா?

கேட்டவரின் நிலைமை இது: பயணத்தின் பாதி வழியில் நிற்கிறார். முதலில் பஞ்சர். அடுத்து நாள் முழுக்க மழை. இன்று காலையில் பேட்டரி இறங்கி பைக் கிளம்பவில்லை. உடன் வந்தவர் "பட்ட காலிலே படும், பேசாமல் திரும்பிவிடலாம்" என்கிறார். இவருக்கோ முன்வைத்த காலைப் பின்வைக்க மனமில்லை.

இருவர் சொல்வதும் எனக்கு உடன்பாடில்லை. தடங்கல்களை விரல்விட்டு எண்ணி எடுக்கும் முடிவு எந்தப் பக்கம் போனாலும் குருட்டு முடிவுதான். சில்லறைத் தொல்லைகள் எத்தனை சேர்ந்தாலும் பயணம் கெடாது. ஆனால் கை நடுக்கம் ஒன்று போதும், அன்றைய ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். வந்த தடங்கல் உங்களிடமிருந்து எதைப் பறித்தது என்று பாருங்கள். பெரும்பாலும் அது பறிப்பது நேரத்தை மட்டும்தான். அந்த நேரத்தைத் திரும்பப் பிடிக்கக் கிளம்பும்போதுதான் உண்மையான வினை தொடங்குகிறது.

நானும் ஒரு நண்பரும் போன நெடும்பயணம் ஒன்றில் ஏறக்குறைய உங்கள் பட்டியலேதான் நடந்தது. என் பைக் ஸ்போக் சக்கரம், ட்யூப் டயர். பின்சக்கரம் பஞ்சரானது. சாலையோரத்தில் ஒருவர் ட்யூபைக் கழற்றி ஒட்டிக் கொடுத்தார். கொஞ்ச தூரம் போவதற்குள் மறுபடியும் காற்று இறங்கி, பின்பக்கம் பாம்பு போல நெளிய ஆரம்பித்தது. இந்த முறை நாங்களே சக்கரத்தைக் கழற்றினோம். ட்யூபில் புதிய ஓட்டை, பழைய ஒட்டுக்குப் பக்கத்திலேயே. அப்படியென்றால் குத்தியது இன்னும் டயருக்குள்தான் இருக்கிறது. டயரின் உட்புறத்தை வெறும் விரலால் தடவக் கூடாது, விரல் கிழியும். பழைய பருத்தித் துணியைச் சுருட்டி மெதுவாக ஒரு சுற்று இழுத்தேன். ஓரிடத்தில் நூல் சிக்கியது. உற்றுப் பார்த்தும் எதுவும் தெரியவில்லை. டயரை அந்த இடத்தில் வெளிப்பக்கமாக மடித்து அழுத்தியபோதுதான் முடியைவிடச் சற்றே தடிமனான இரும்புக் கம்பி எட்டிப் பார்த்தது. வெடித்துச் சிதறும் லாரி டயர்களின் உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி அது. நெடுஞ்சாலை ஓரங்களில் இது நிறையக் கிடக்கும். குறடால் பிடுங்கிப் போட்டுவிட்டு ட்யூபை மாற்றினோம்.

இதற்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. "விட்டதைப் பிடித்துவிடலாம்" என்று நண்பர் ஆக்சிலரேட்டரை முறுக்கத் தயாரானார். அவரை நிறுத்தியது அறிவுரை அல்ல, கணக்கு. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிறவருக்கு 100 கிலோமீட்டரைக் கடக்க 75 நிமிடம் ஆகும். அதையே 100 வேகத்தில் கடந்தால் 60 நிமிடம். மிச்சம் வெறும் 15 நிமிடம். இரண்டு மணி நேரத் தாமதத்தை ஈடுகட்ட வேண்டுமானால் ஒரு தடவைகூட வேகம் குறையாமல் 800 கிலோமீட்டர் ஓட்டியாக வேண்டும். அதற்குள் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், நிறுத்தங்களும் கூடும். ஆக, போன நேரம் போனதுதான். திட்டமிட்ட ஊருக்கு முன்பே ஓரிடத்தில் இரவு தங்கிவிடுவது ஒன்றுதான் மாற்று.

வேகத்தைக் கூட்டாதவர்கள்கூட நாளை நீட்டிவிடுகிறார்கள். அது இன்னும் மோசம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து கிளம்பியவருக்கு இரவு ஒன்பது மணியோடு அந்தக் கெடு முடிந்துவிடுகிறது. பஞ்சரில் இழந்ததை இரவில் சம்பாதிக்கப் பார்ப்பவர் இந்த நிலையில்தான் இருட்டில் பள்ளம் தேடிப் போகிறார்.

தடங்கல்கள் கூட்டமாக வருவதற்குக் காரணமும் இதுதான், கெட்ட நேரமெல்லாம் ஒன்றுமில்லை. ஒன்று மற்றொன்றைப் பெறுகிறது. தாமதம் இருட்டில் கொண்டுபோய் விடுகிறது. இருட்டில் தெரியாத பள்ளம் ரிம்மை நெளிக்கிறது. மழை செயினில் இருக்கும் எண்ணெயைக் கழுவிவிடுகிறது. மழை விட்டதும் எண்ணெய் போடாமல் ஓட்டினால் செயின் முனகத் தொடங்கி சீக்கிரமே தளர்ந்து தொங்குகிறது. நடுவில் எங்காவது ஓரிடத்தில் இந்தத் தடங்கல் சங்கிலியை வெட்டிவிட்டால் போதும். பெரும்பாலும் அந்த வெட்டு "இன்றைக்கு இவ்வளவுதான்" என்று சீக்கிரமே ஓரிடத்தில் தங்கிவிடுவதுதான். மழையில் ஓட்டிய நாள் முடிந்ததும், வேறு எதைத் தள்ளிப்போட்டாலும், சூடு ஆறுவதற்குள் செயினுக்கு எண்ணெய் போட்டுவிடுங்கள்.

எங்களுக்கும் மழை வந்தது. மழைகூடப் பரவாயில்லை, நனைந்த உடையில் எதிர்காற்று வாங்குவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. நண்பரின் மழைக்கோட்டு கழுத்துப் பக்கம் ஒழுகி உள்ளே எல்லாம் ஈரம். பெட்ரோல் போட நிறுத்தினோம். டேங்க் மூடியின் சாவித் துளையைச் சுற்றிச் சுற்றிச் சாவி கீறிக்கொண்டே இருந்தது, உள்ளே போகவில்லை. கையுறையைக் கழற்றியும் போகவில்லை. "குளிர்கிறதா?" என்றேன். "இல்லை, இல்லை, இன்னும் நூறு கிலோமீட்டர்தானே" என்றார். நாக்கு குழறியது. சாவித் துளையில் சாவியைப் போட முடியாத விரல்கள் பிரேக்கை என்ன பிடிக்கும்? உடலின் உள்வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அது மருத்துவம் பார்க்க வேண்டிய நிலை. அதில் கொடுமை என்னவென்றால், விரலோடு சேர்ந்து யோசனையும் மரத்துப்போகும். தான் நன்றாக இருப்பதாகவே அந்த ஆளுக்குத் தோன்றும். எனவே இந்த விஷயத்தில் ஓட்டுகிறவரின் சொல்லை ஏற்கவே கூடாது, பக்கத்தில் இருப்பவர்தான் முடிவெடுக்க வேண்டும். சாவியை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். என்னோடு சண்டை போட்டார். மறுநாள் மதியம் வரை தங்கியிருந்து, உடையெல்லாம் காய்ந்த பிறகே கிளம்பினோம்.

அதன் பிறகு அவருடைய கிளட்ச் கேபிள் அறுந்தது. கேட்கப் பெரிதாக இருந்தாலும் அந்தப் பயணத்தில் மிக எளிதாகத் தீர்ந்தது இதுதான். கிளம்பும் முன்பே மாற்றுக் கேபிள் ஒன்றைப் பழைய கேபிளை ஒட்டியே செலுத்தி, இரு முனைகளையும் டேப் சுற்றிக் கட்டி வைத்திருந்தார். அறுந்ததும் முனைகளை மாட்டியதோடு வேலை முடிந்தது. நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களின் பழைய தந்திரம் இது. கேபிள் பெரும்பாலும் லீவர் பக்கத்தில், உருண்டை முனைக்கு அருகேதான் இழை இழையாகப் பிரிந்து அறும். வாரத்துக்கு ஒருமுறை அங்கே கண்ணை ஓட்டினாலே முன்கூட்டித் தெரிந்துவிடும்.

"வீராங்கனைகள் திரும்பியா போனார்கள்?" என்று யாராவது உங்களை உசுப்பிவிடக்கூடும். 1916இல் அகஸ்டா, அடலின் வான் பியூரன் என்ற சகோதரிகள் 'இந்தியன்' என்ற அமெரிக்க நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள்களில் நியூயார்க்கிலிருந்து கிளம்பி அமெரிக்காவைக் குறுக்கே கடந்தார்கள். ஆண் உடை அணிந்ததற்காக வழியில் கைது செய்யப்பட்டார்கள், பாலைவனத்தில் வழிதவறித் தண்ணீர் தீர்ந்து தவித்தார்கள். இருந்தும் இரண்டு மாதத்தில் கலிஃபோர்னியாவை அடைந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த கதை. ஆனால் இதற்கு எதிர்முனையில் 1952ஆம் ஆண்டின் சே குவேராவும் அவருடைய நண்பர் ஆல்பர்ட்டோ கிரனாடோவும் இருக்கிறார்கள். அவர்களுடைய பழைய 500 சிசி நார்ட்டன் பைக் சிலி நாட்டில் கையை விரித்துவிட்டது. பைக்கை விட்டுவிட்டு லாரிகளிலும் படகுகளிலும் தொற்றிக்கொண்டு வெனிசுவேலா வரை போனார்கள். பைக் நின்றதற்காக அந்தப் பயணம் தோற்றதாக யாரும் சொல்வதில்லை.

நான் திரும்புவது எப்போது? பிரேக், ஸ்டியரிங், சக்கரம் இம்மூன்றில் ஒன்று கெட்டு, சரியான பாகம் கிடைக்காமல் ஒப்பேற்றி ஓட்ட வேண்டியிருந்தால் பைக்கை லாரியில் ஏற்றிவிடுவேன். ஓட்டுகிறவரின் உடம்பு ஓர் இரவு முழுக்கத் தூங்கியும் தேறவில்லை என்றாலும் அப்படியே. இன்ஜின் சத்தம் புதிதாக மாறினால் மெக்கானிக்கிடம் காட்டும்வரை நகர மாட்டேன். மற்றதெல்லாம் நேரத்தோடு போகிற விஷயம்.

இனி உங்கள் பேட்டரி. புதியது வாங்கிப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். நாள் முழுக்க மழையில் மெதுவாக ஓட்டியிருக்கிறீர்கள். கூடுதல் விளக்குகள், கைபேசி சார்ஜர் எல்லாம் எரிந்துகொண்டிருந்திருக்கும். குறைந்த வேகத்தில் இன்ஜின் உற்பத்தி செய்யும் மின்சாரம் இத்தனைக்கும் போதாமல் பேட்டரி கரைந்திருக்கலாம். அல்லது குலுக்கலில், வயரைப் பேட்டரியோடு இணைக்கும் டெர்மினல் திருகு தளர்ந்திருக்கலாம், முதலில் அதை இறுக்கிப் பாருங்கள். பிறகு பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, சற்று நேரம் விட்டு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை அதில் வையுங்கள்: 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். இன்ஜினைக் கிளப்பி, ஹெட்லைட் எரியும் நிலையில் ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு இன்ஜின் சுழலும் எண்ணிக்கையை) நான்காயிரம் வரை ஏற்றி, மறுபடி மீட்டரைப் பாருங்கள். 13.5க்கும் 14.5 வோல்ட்டுக்கும் இடையே நின்றால் சார்ஜிங் சரியாக இருக்கிறது, கூடுதல் விளக்குகளை அணைத்துவிட்டுத் தாராளமாகப் போகலாம். ஏறாமல் 12 அளவிலேயே கிடந்தால் மின்சாரம் உற்பத்தி செய்யும் ஸ்டேட்டரோ, வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரோ, அவற்றின் வயர்களை இணைக்கும் கனெக்டரோ போயிருக்கிறது. கனெக்டர் பழுப்பேறி உருகியிருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது, உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். இந்த இரண்டில் எதுவானாலும் புதிய பேட்டரியும் இதே கதிக்குத்தான் ஆளாகும், பாகம் வரும்வரை இருக்கும் இடத்திலேயே இருங்கள்.