பாஸ் ஆகிறான் என்பதற்காக விட்டுவிடாதீர்கள்

ஆறாவது படிக்கும் பையன் கணக்கை மனசிலேயே போட்டு விடை சொல்கிறான், எழுதினால் எழுத்தெல்லாம் இடம் மாறுகிறது, 'பாஸ் ஆகிறானே, அப்புறம் என்ன?' என்கிறது பள்ளி என்று எழுதியிருந்தீர்கள். என் மகளுக்கும் இதேதான் நடந்தது, சகோதரி.

முதலில் உளவியலாளரிடம் முழு மதிப்பீடு செய்யுங்கள். அறிவுத்திறன், வாசிப்பு, எழுத்து மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண் வேண்டும்; அறிவுத்திறனுக்கும் மற்ற இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் ஆதாரம். அப்புறம் பள்ளியிடம் தேர்வுச் சலுகைகளைக் கடிதமாகவே கேளுங்கள். அறிவு இருந்தும் வாசிக்க, எழுதத் தடுமாறுவது, அதாவது கற்றல் குறைபாடு, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 17ஆம் பிரிவு தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மொழி விலக்கு எல்லாவற்றையும் சொல்கிறது. கடிதத்தின் நகலில் பள்ளி முத்திரை வாங்கிவிடுங்கள்.

கூடவே கடினமான கணக்குகளும் கேளுங்கள். என் மகள் சலிப்பில்தான் நோட்டின் ஓரமெல்லாம் கிறுக்கிக்கொண்டிருந்தாள்.