மாரடைப்பு வந்தவரை மருத்துவமனையில் சேர்த்தபின் எவ்வளவு நேரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும்? தாமதமானால் நாம் கேள்வி கேட்கலாமா?

கேட்கலாம். கேட்டே ஆகவேண்டும். இப்படி ஒரு கேள்வியை யாரும் சும்மா கேட்பதில்லை. உங்கள் வீட்டில் யாரையோ அவசரப் பிரிவில் உட்காரவைத்துக் காக்கவைத்திருக்கிறார்கள், அது உங்களை அறுத்துக்கொண்டே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மாரடைப்பாக இருக்கலாம் என்று வருபவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து, அதை ஒரு டாக்டர் பார்த்திருக்க வேண்டும். ரத்தக்குழாய் முழுதாக அடைத்துக்கொண்ட வகை, அதாவது ‘ஸ்டெமி’ என்று தெரிந்தால், அங்கேயே கேத் லேப் (இதய ரத்தக்குழாய்க்குள் குழாய் விட்டு அடைப்பைத் திறக்கும் அறை) இருக்கும்போது 90 நிமிடத்துக்குள் பலூன் வைத்து அடைப்பைத் திறக்க வேண்டும். வேறு மருத்துவமனைக்கு அனுப்புவதென்றால் 120 நிமிடத்துக்குள் அங்கே திறந்திருக்க வேண்டும். அது முடியாது என்று தெரிந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை இங்கேயே அரை மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். அமெரிக்க வழிகாட்டுதல் இது. ஐரோப்பிய இதயவியல் சங்கம் இன்னும் கறார்: ஸ்டெமி என்று தெரிந்ததிலிருந்து அந்த ஊசிக்கு 10 நிமிடம்தான் தருகிறது. (அண்மையில் பக்கவாதமோ பெரிய அறுவைசிகிச்சையோ நடந்தவர்களுக்கும், எப்போதாவது மூளையில் ரத்தக்கசிவு வந்தவர்களுக்கும் இந்த ஊசி போடமாட்டார்கள். அது வேறு கதை.)

இந்தக் கடிகாரம் நோயாளி வாசலுக்குள் வந்த நிமிடத்திலாவது ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். கவுண்டரில் சீட்டு போட்ட நேரத்தில் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

என்னை வளர்த்தவர் பெரியம்மா. பல வருடமாகச் சர்க்கரை உண்டு. ஒரு நாள் விடியும் முன்பே எழுப்பி, தாடை இழுக்கிறது, மேல்வயிறு எரிகிறது என்றார். வாந்தி எடுத்தார். உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை. நெஞ்சு வலிக்கவே இல்லை. சர்க்கரைக்காரர்களுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வரலாம் என்று படித்திருந்ததால் நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். “சொந்த வண்டியில் போயிருப்பீர்கள்” என்று யாரும் கருத்துப் பெட்டியில் எழுதிவிடாதீர்கள். அந்த ஆம்புலன்ஸில் ஈசிஜி கருவி இல்லை, அவ்வளவுதான். பெல்ஃபாஸ்டில் ஃபிராங்க் பேன்ட்ரிட்ஜ் என்ற மருத்துவர் 1966லேயே இதய சிகிச்சைக் கருவிகளை வண்டியில் ஏற்றி நோயாளியின் வீட்டுக்கே அனுப்பியவர். அத்தனை வருடத்துக்கு முன் வண்டியில் ஏறியதை எங்களுக்கு வந்த வண்டியில் காணோம்.

கேஷுவாலிட்டியில் போனதும் சொன்னேன்: “சர்க்கரை இருக்கு, தாடை வலிக்குது, வேர்த்துக் கொட்டுது, ஒரு ஈசிஜி எடுங்க சிஸ்டர்.” அவர் பெரியம்மாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “நெஞ்சு வலிக்குதாம்மா?” பெரியம்மா, “இல்லம்மா, வயிறுதான்” என்றார். அந்த ஒரு பதிலோடு எல்லாம் முடிந்தது. கேஸ் டிரபிளாக இருக்கும், உட்காருங்கள், ஃபார்ம் நிரப்பிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். வரிசையில் நின்று சீட்டு வாங்கினேன். வயிற்று எரிச்சலுக்கு ஊசி போட்டார்கள். மறுபடி போய் ஈசிஜி கேட்டபோது, டாக்டர் வார்டில் இருக்கிறார், அவர் வந்து சொன்னால்தான் எடுக்க முடியும் என்றார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த நாற்காலியிலேயே இருந்தார் பெரியம்மா. ஷிப்ட் மாறி வந்த ஓர் இளம் டாக்டர், போகிற போக்கில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார். நாடியைப் பிடித்தார். அங்கிருந்தே சத்தம் போட்டு ஈசிஜி கருவியை வரவழைத்தார்.

இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு. இந்த வகை பல சமயம் வயிற்றுவலி, வாந்தி என்றுதான் வரும் என்று பிறகு அவரே விளக்கினார். ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னார். இந்தச் சாதாரண மாத்திரை என்ன செய்யும் என்று 1988ல் வந்த ஐஎஸ்ஐஎஸ்-2 ஆய்வு 17,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் காட்டியது. ஐந்து வாரத்தில் இதய, ரத்தக்குழாய்ச் சாவுகளை 23 சதவீதம் குறைத்தது. அதைக்கூட நாங்கள் உள்ளே வந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் கொடுக்க முடிந்தது.

அங்கே கேத் லேப் இல்லை. அந்த டாக்டரே அடுத்த மருத்துவமனைக்குப் பேசி, ஈசிஜியைப் படம் எடுத்து அனுப்பினார். அவர்கள் கேஷுவாலிட்டியில் நிறுத்தவேயில்லை. நாங்கள் போய்ச் சேரும்போது லிஃப்ட் வாசலில் ஆட்கள் தயாராக நின்றார்கள், நேரே மேலே கொண்டுபோய்விட்டார்கள். அமெரிக்காவில் 2006ல் இந்த 90 நிமிட இலக்குக்காக ஓர் இயக்கமே தொடங்கியபோது முதன்மையாக வற்புறுத்தியதும் இந்த மாதிரி ஏற்பாட்டைத்தான்: அவசரப் பிரிவு டாக்டர் ஒரே ஒரு போன் செய்தால் கேத் லேப் குழு முழுவதும் கிளம்பிவிட வேண்டும். ஆக, வழி தெரியாத விஷயம் இல்லை இது.

ஸ்டென்ட் வைத்துவிட்டு வெளியே வந்த இதய மருத்துவர் என்னைக் கேட்டார்: “ஏன் இவ்வளவு லேட்டா கூட்டிட்டு வந்தீங்க?” எனக்கு நாக்கு எழவில்லை. ரெஃபர் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். அதில் வருகை நேரம் என்று இருந்தது கவுண்டரில் சீட்டு போட்ட நேரம். ஆம்புலன்ஸிலிருந்து இறங்கி வரிசையில் நின்றதெல்லாம் எங்கள் வீட்டுக் கணக்கில் சேர்ந்துவிட்டது. ரத்தம் நின்றால் இதயத் தசை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாகும், சில மணி நேரத்தில் அந்தப் பகுதியில் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. பெரியம்மா பிழைத்துவிட்டார். ஆனால் வழக்கமாக 55 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டிய பம்ப் அளவு (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) இப்போது 38. மாடி ஏறினால் பாதியில் நிற்கிறார்.

டாக்டர்களைத் திட்ட வந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள், காப்பாற்றியவரும் டாக்டர்தான். கூட்டத்தை ஒற்றை டியூட்டி டாக்டர் சமாளிக்கிறார் என்பதும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், டாக்டருக்குக் காத்திராமல் நர்ஸே ஈசிஜி எடுக்கலாம் என்று விதி வேண்டும். சில நிமிட வேலை அது. வீட்டில் தயங்குவதால் வீணாகும் நேரமே அதிகம் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ‘பொன்னான நேரம்’ என்று நோட்டீஸ் ஒட்டும்போது குடும்பத்துக்கு மட்டுமே அறிவுரை சொல்கிறார்களே, உள்ளே போனபின் வீணாகும் நேரம் யார் கணக்கு?

இதோடு சேர்ந்த இன்னொரு காயம். நான் விடுப்பு கேட்டபோது, பெரியம்மா “நெருங்கிய குடும்பம்” என்ற பட்டியலில் வரமாட்டார் என்று அலுவலகத்தில் மறுத்துவிட்டார்கள். பெற்றவள் இல்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர் நெருக்கம் இல்லையாம். சம்பளப் பிடித்தத்தோடுதான் ஐசியூ வாசலில் உட்கார்ந்தேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதல் ஈசிஜி நார்மல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்றால் அது போதாது. அறிகுறி தொடர்ந்தால் 15 முதல் 30 நிமிட இடைவெளியில் திரும்ப எடுக்க வேண்டும். ட்ரோபோனின் (இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் புரதம்) ரத்தப் பரிசோதனையும் ஆரம்பத்தில் நார்மலாகக் காட்டலாம், சில மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். இவற்றைச் செய்தார்களா என்று கேஸ் ஷீட்டில் இருக்கும். நகல் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஈசிஜி தாளின் ஓரத்தில் நேரம் அச்சாகியிருக்கும். கருவியின் கடிகாரம் தப்பாக ஓடலாம், அதனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட நேரம் உங்கள் போனில் இருக்கிறது, இறக்கிவிட்ட நேரம் அவர்களின் பதிவில் இருக்கிறது. நான் முதலில் எழுதிய கடிதத்துக்கு, சீட்டு நேரத்தைக் காட்டித்தான் பதில் வந்தது. ஆம்புலன்ஸ் பதிவை இணைத்து மறுபடி எழுதியபிறகே, நாங்கள் வந்த நேரத்தைத் திருத்தி ஒப்புக்கொண்டார்கள்.