ஆப்டோகப்ளர் வழியாக டிரையாக்கை இயக்கும்போது கேட் மின்தடையின் மதிப்பை எப்படி முடிவு செய்வது?

எம்ஓசி3021 ஆப்டோகப்ளரால் (உள்ளிருக்கும் எல்இடியின் ஒளியால் இயங்கும் இணைப்புச் சில்லு) பிடிஏ16-600பி டிரையாக்கை (மாறுமின்சாரத்துக்கான குறைக்கடத்திச் சுவிட்ச்) இயக்கும் சுற்றுப்படங்களில், அதைத் தூண்டும் முனையான கேட்டுக்குப் போகும் மின்தடை ஓரிடத்தில் 180 ஓம், இன்னோரிடத்தில் 360 ஓம், வேறோரிடத்தில் 1 கிலோ ஓம் என்று இருக்கிறதே, 230 வோல்ட் மின்சாரத்துக்கு எதைப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். 360 அல்லது 390 ஓம் போடுங்கள். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், அடுத்த முறை வேறு டிரையாக்கை எடுக்கும்போது நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கீழ் வரம்பை விதிப்பது ஆப்டோகப்ளர். அதன் வெளியீட்டுப் பக்கம் தாங்கக்கூடிய கணநேர மின்னோட்டம் 1 ஆம்பியர். உள்ளே இருக்கும் எல்இடி, மின்சார அலை உச்சத்தில் இருக்கும் நொடியில் ஒளிர்ந்தால், டிரையாக் கடத்தத் தொடங்கும்வரை ஏறத்தாழ முழு உச்ச மின்னழுத்தமும் இந்த மின்தடையின் மேல்தான் விழும். 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட். மின்சாரம் பத்து விழுக்காடு ஏறினால் 358. அதை 1 ஆம்பியரால் வகுத்தால் கிடைப்பது 358 ஓம். 120 வோல்ட்டின் உச்சம் 170 என்பதால் அங்கே 180 ஓம் போதும். அந்தப் படத்தை அப்படியே 230 வோல்ட்டில் கட்டினால் 1.8 ஆம்பியர் பாயும். மேலும், எம்ஓசி3021 400 வோல்ட் மட்டுமே தாங்கும். 358-க்கு மேல் மிஞ்சும் இடைவெளி மிகக் குறைவு என்பதால், 600 வோல்ட் தாங்கும் எம்ஓசி3052-ஐயே நான் எடுப்பேன்.

மேல் வரம்பை விதிப்பது டிரையாக். பிடிஏ16-600பி-க்குக் கேட் மின்னோட்டம் 50 மில்லி ஆம்பியர் வரை தேவைப்படலாம். டிரையாக்கின் இரு முதன்மை முனைகள் எம்டி1, எம்டி2; கேட்டுக்கும் எம்டி1-க்கும் இடையே 330 ஓம் போட்டிருந்தால் அது இன்னும் 4 மில்லி ஆம்பியரை எடுத்துக்கொள்ளும். 54 மில்லி ஆம்பியர் 360 ஓமில் பாய 19 வோல்ட் வேண்டும். ஆப்டோவிலும் கேட்டிலும் இழப்பதையும் சேர்த்தால் சுமார் 24 வோல்ட். 50 ஹெர்ட்ஸ் மின்சார அலை சுழியிலிருந்து (பூஜ்ய வோல்ட்டிலிருந்து) அந்த உயரத்துக்கு ஏற ஏறக்குறைய 0.23 மில்லி நொடி ஆகும். 1 கிலோ ஓம் போட்டால் 58 வோல்ட் தேவைப்படும், தாமதமும் 0.57 மில்லி நொடியாகிவிடும். அலையின் நடுவில் சுடும் (டிரையாக்கைத் தூண்டும்) விளக்கு மங்கலாக்கியில் இது கண்ணில் படாது; சுழியருகே சுடும்போது ஒவ்வொரு அரைச்சுற்றின் தொடக்கமும் வெட்டுப்பட்டு, வானொலியில் இரைச்சல் கேட்கும்.

மின்தடையை எம்டி2-இலிருந்தே எடுக்க வேண்டும். அப்போதுதான் கேட்டும் எம்டி2-உம் எப்போதும் ஒரே முனைமையில் இருக்கும். எம்டி2, கேட் முனைமைகளின் நான்கு சேர்க்கைகளைக் கால்பகுதிகள் என்பார்கள்; இங்கே டிரையாக் முதல், மூன்றாம் கால்பகுதிகளில் மட்டுமே இயங்கும். நான்காம் கால்பகுதியின் 100 மில்லி ஆம்பியர் தேவையைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை.

வாட் அளவில் பலரும் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்திருக்கிறேன். டிரையாக் கடத்தத் தொடங்கியதும் மின்தடையின் மேலுள்ள மின்னழுத்தம் சரிந்துவிடுவதால், சுழியருகே சுடும்போது சராசரி வெப்பம் பத்து மில்லி வாட்டுக்குள்தான், கால் வாட் தாராளம் என்று கணக்குச் சொல்லும். அதை நம்பிக் கட்டிய பலகையைச் சோதிக்க 7 வாட் இழை விளக்கு ஒன்றை மாட்டினேன். விளக்கு ஒழுங்காக எரிந்தது. சில நிமிடங்களில் கேட் மின்தடையின் வண்ணப் பட்டைகள் பழுப்பேறி, வார்னிஷ் கருகும் வாடை வந்தது. 7 வாட் விளக்கில் பாய்வது வெறும் 30 மில்லி ஆம்பியர், உச்சத்தில்கூட 43. என் கையிலிருந்த டிரையாக்கை எழுப்ப அது போதவில்லை. ஆகவே விளக்கின் மின்னோட்டம் முழுவதும் மின்தடை, ஆப்டோ, கேட் என்ற வழியிலேயே இடைவிடாமல் ஓடியிருக்கிறது. 360 ஓமில் அது 0.33 வாட். விளக்கு எரிவதைப் பார்த்து, சுற்று சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றுமுதல் 180 ஓம், 1 வாட், தீப்பற்றாத வகை மின்தடைகள் இரண்டைத் தொடராகப் போடுகிறேன்; உச்ச மின்னழுத்தத்தையும் அவை பாதி பாதியாகப் பகிர்ந்துகொள்ளும். சிறிய சுமைகளுக்கு 10 மில்லி ஆம்பியர் கேட் கொண்ட பிடி136-600இ போன்ற டிரையாக்கைத் தேர்ந்தெடுத்து, எம்டி1 பக்க மின்தடையை 1 கிலோ ஓமாக உயர்த்திவிடுங்கள்.