லாக்கெட்டுக்குள் யாருடைய முடி?

கேள்வி: லண்டனில் இருக்கும் என் மகள் அங்கே பழைய சாமான் சந்தையில் ஒரு தங்க லாக்கெட் வாங்கியிருக்கிறாள். வீடியோ காலில் திறந்து காட்டினாள், உள்ளே கண்ணாடிக்கு அடியில் யாருடையதோ தலைமுடி! தூக்கிப் போடு என்றால் கேட்க மாட்டேன் என்கிறாள். செத்தவர் முடியாக இருந்தால்? – வாசகி, திருச்சி

பதில்: மகள் சொல்வதுதான் சரி. சோற்றில் ஒரு முடி கிடந்தாலே தட்டைத் தள்ளுகிற ஆட்கள் நாம், உங்களுக்குக் குமட்டுவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் செத்தவருடையது என்று முடிவுகட்டாதீர்கள். காதலர்கள் மாற்றிக்கொண்டதும் உண்டு, குழந்தையின் முடியை அம்மா வைத்துக்கொண்டதும் உண்டு. விக்டோரியா மகாராணிக்கு அவர் கணவர் ஆல்பர்ட் கொடுத்த கைச்சங்கிலியில் குட்டிக் குட்டியாக எனாமல் இதயங்கள் தொங்கும். 1840இல் மூத்த மகள் பிறந்ததும் ஆரம்பித்தது, பிள்ளைக்கு ஒன்றாக மொத்தம் ஒன்பது, ஒவ்வொன்றுக்குள்ளும் அந்தந்தப் பிள்ளையின் முடி. 1861இல் ஆல்பர்ட் இறந்தபின் அவர் முடியையும் லாக்கெட்டில் வைத்துக்கொண்டு, தான் சாகும்வரை நாற்பது வருஷம் கறுப்பு உடையிலேயே இருந்தார். ராணியே அப்படி என்றால் ஊர் சும்மா இருக்குமா!

துக்க நகையைக் கண்டுபிடிப்பது சுலபம். வெளியே கறுப்பு எனாமல் இருக்கும், 'நினைவாக' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும், பின்பக்கம் பெயரும் இறந்த தேதியும் இருக்கும். சுற்றிச் சின்ன முத்துகள் பதித்திருந்தால் அது கண்ணீர்க் கணக்கு. இதெல்லாம் இல்லையென்றால் காதல் சமாசாரமாகவே இருக்கலாம். ஃபோட்டோ வந்ததே 1839இல்தான். அதற்கு முன்னால் முகம் வேண்டுமென்றால் தந்தத் தகட்டில் வரைகிற ஓவியருக்குக் காசு அழ வேண்டும், முடி என்றால் ஒரு கத்தரிக்கோல் போதும். அதிலும் முடி அழுகாது, நூற்றைம்பது வருஷம் ஆனாலும் நிறம் பெரிதாக மாறாது. என்னைக் கேட்டால், மங்கிப்போன ஃபோட்டோவைவிட அதுதான் ஆளுக்கு நெருக்கம்.

கேள்வி: காதலியின் கண்ணை மட்டும் வரைந்து லாக்கெட்டில் போட்டுக்கொள்வார்களாமே, நிஜமா? – வாசகர், மதுரை

பதில்: நிஜம்தான். முழு முகம் வரைந்தால் யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும், ஒற்றைக் கண் என்றால் சம்பந்தப்பட்டவருக்கு மட்டும் தெரியும். பின்னால் இங்கிலாந்து மன்னர் நான்காம் ஜார்ஜ் ஆன இளவரசர், கத்தோலிக்க விதவையான மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட்டை 1785இல் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டார். சட்டப்படி செல்லாத கல்யாணம். தன் கண்ணை வரையச் சொல்லி அந்த அம்மாளுக்கு அனுப்பினார், அப்புறம் பணக்கார வீடுகளில் அதுவே மோகமாகிவிட்டது. வேறொருத்தியையும் மணந்து, ஊரெல்லாம் வம்பு சம்பாதித்த ஆசாமி, 1830இல் மரியாவின் சின்னப் படத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் புதைக்கப்பட்டார். அதில் மட்டும் அவரைப் பாராட்டலாம்.

கேள்வி: பழைய ஆங்கில லாக்கெட் ஒன்று கிடைத்தது. நம்மூர் ஆசாரி உரசிப் பார்த்துவிட்டு மாற்று ரொம்பக் குறைவு என்கிறார். ஏமாந்துவிட்டேனா? எப்படிக் கழுவுவது? – வாசகி, கும்பகோணம்

பதில்: அங்கே 1854 முதல் 9 காரட்டும் சட்டப்படி தங்கம்தான். நம்மூர் 22 காரட்டோடு ஒப்பிட்டால் ஆசாரி உதட்டைப் பிதுக்கத்தான் செய்வார். நகையில் குத்திய தர முத்திரையில் நங்கூரம் இருந்தால் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் சோதித்தது. உருக்க மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போடவும் வேண்டாம், கண்ணாடி இடுக்கில் ஈரம் இறங்கினால் உள்ளே இருக்கிற படமோ முடியோ பாழ். காய்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும், கீலில் மட்டும் கொஞ்சம் பொறுமையாக.