திருத்தக் கொடுத்த லப்டொப்பும் மூன்று மாதக் கெடுவும்

கேள்வி: நிலாவெளியில் வசிக்கிறேன். கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் மகளின் லப்டொப் சார்ஜ் ஏறாமல் நின்றுவிட்டதால், திருகோணமலை நகரிலுள்ள ஒரு கடையில் கொடுத்தோம். 18,500 ரூபா வாங்கிக்கொண்டு ஜூலை 7ஆம் திகதி திருத்தித் தந்தார்கள். நான்கு நாளில் மீண்டும் அதே பழுது. திரும்பக் கொடுத்துப் பத்து வாரங்கள் ஆகிவிட்டன. "கொழும்புக்கு அனுப்பியிருக்கிறோம்", "திங்கட்கிழமை வாங்கோ" என்றவர்கள், இப்போது மதர்போர்ட் மாற்றியதாகச் சொல்லி மேலும் 24,000 ரூபா கேட்கிறார்கள். அதைக் கட்டாமல் லப்டொப்பைத் தரமாட்டார்களாம். மாற்றுவதற்கு எங்களிடம் சம்மதம் கேட்கவுமில்லை. பற்றுச்சீட்டில் உத்தரவாதம் பற்றி எதுவும் இல்லை. லப்டொப்பைக் கொடுத்தபோது கடையில் தந்த மஞ்சள் துண்டின் படத்தை அனுப்புகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் திகதியைப் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, பொருளொன்றின் விற்பனை அல்லது சேவையொன்றின் வழங்கல் தொடர்பான முறைப்பாடு, அது நிகழ்ந்து மூன்று மாதங்களுக்குள் அந்த அதிகாரசபைக்கு எழுத்து மூலம் செய்யப்பட வேண்டும். இரண்டாவது திருத்தம் இன்னும் முடியாததால் காலம் ஓடத் தொடங்கவில்லை என்று நீங்கள் வாதிடலாம். ஆனால் கடைக்காரர் ஜூலை 7ஆம் திகதியிலிருந்தே எண்ணுவார். அந்த வாதத்துக்கு இடமே வைக்காமல், ஒக்டோபர் 7ஆம் திகதிக்கு முன்னர் முறைப்பாட்டைக் கையளித்துவிடுங்கள். கொழும்புக்கு அனுப்பியிருப்பதாகச் சொல்வது எங்கள் ஊரில் எல்லாப் பழுதுக்கும் கிடைக்கும் பதில்தான், சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். இருப்பினும் உங்கள் பத்து வாரங்களைத் தின்றது அந்தப் பதிலே.

உங்கள் பற்றுச்சீட்டில் உத்தரவாதம் பற்றி எதுவும் எழுதப்படவில்லை என்பது பெரிய குறையல்ல. வர்த்தகர் ஒருவர் நுகர்வோருக்கு வழங்கும் சேவை உரிய கவனத்துடனும் திறமையுடனும் செய்யப்படும் என்பதும், அதற்காக அவர் போடும் பாகங்கள் தம் நோக்கத்துக்கு ஏற்றவையாக இருக்கும் என்பதும், எழுதப்படாவிடினும் ஒப்பந்தத்தில் அடங்கியுள்ள உத்தரவாதங்களாகவே இச்சட்டத்தில் கொள்ளப்படுகின்றன. விசாரணையில் உங்கள் பக்கம் நியாயம் காணப்பட்டால், நட்டஈடு வழங்குமாறோ பணத்தைத் திருப்பிக் கொடுக்குமாறோ அதிகாரசபை கட்டளையிடலாம். அதற்குக் கடைக்காரர் கீழ்ப்படியாவிட்டால், அத்தொகையை நீதவான் நீதிமன்றத்தின் ஊடாகத் தண்டப்பணம் போல அறவிட வழியுண்டு.

லப்டொப்பைத் தடுத்து வைத்திருப்பது சற்றுச் சிக்கலான விடயம். திருத்துபவர் தாம் செய்த வேலைக்குரிய கூலி கிடைக்கும் வரை பொருளைத் தம் வசம் வைத்திருப்பதற்கு எமது பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டம் இடமளிக்கிறது; ஆகவே கடையில் போய்ப் பறித்து வர முற்படாதீர்கள். ஆனால் முதல் வேலைக்குரிய பணத்தை நீங்கள் முழுமையாகக் கட்டியிருக்கிறீர்கள். மதர்போர்ட் மாற்றுவதற்கு உங்களிடம் சம்மதம் கேட்கப்படவில்லை என்பது உண்மையானால், 24,000 ரூபாவுக்கான கோரிக்கை மிகவும் பலவீனமானது. பரீட்சை நெருங்கி, வேறு வழியில்லாமல் கட்டத்தான் வேண்டுமென்றால், "எனது உரிமைகளுக்குப் பங்கமின்றிச் செலுத்தப்படுகிறது" என்று பற்றுச்சீட்டில் எழுதுவித்து, கழற்றிய பழைய மதர்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள். அதைக் காட்ட முடியாதவர் புதியதைப் போட்டதையும் நிரூபிக்கச் சிரமப்படுவார்.

நீங்கள் அனுப்பிய படத்திலுள்ள மஞ்சள் துண்டில் "நோ பவர்" என்ற இரண்டு சொற்களும் உங்கள் தொலைபேசி இலக்கமும் மட்டுமே உள்ளன. எந்த லப்டொப் என்றே அதில் இல்லை. வாங்கிய பெட்டி வீட்டில் இருக்குமானால், அதில் ஒட்டியிருக்கும் தொடர் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இலக்கம், இரு தடவையும் கையளித்த திகதிகள், கட்டிய தொகை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ஏழு நாட்களுக்குள் லப்டொப்பைத் திருப்பித் தருமாறும், மகளின் கோப்புகள் உள்ள வன்தட்டை அழிக்கக் கூடாது என்றும் கடைக்காரருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதுங்கள். தபால் பற்றுச்சீட்டைக் கவனமாக வையுங்கள். கடையிலிருந்து வந்த வாட்ஸ்அப் செய்திகளை அழிக்க வேண்டாம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தின் கீழ் அவற்றைச் சாட்சியமாக முன்வைக்கலாம்.

அந்த ஏழு நாட்கள் முடியும் வரை முறைப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டும் சமகாலத்தில் நடக்கலாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதி, அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் நேரில் கொடுங்கள். ஆலோசனை தேவையெனில் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், ஆயினும் அழைப்பு மட்டும் எழுத்து மூல முறைப்பாட்டுக்கு ஈடாகாது. உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தித் தரும் வரை அங்கிருந்து எழும்பாதீர்கள். மஞ்சள் துண்டின் போட்டோப் பிரதியை மட்டும் இணையுங்கள். மூலத்துண்டை அதிகாரசபைக்கும் கொடுக்க வேண்டாம், கடைக்காரர் "ஒருக்கா தாங்கோ, பார்த்துவிட்டுத் தாறன்" என்று கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.