பூட்டு திறக்கும், வழக்கு தீருமா?

கேள்வி: வீடு, கார் எதுவானாலும் செயலி வழியே வாடகைக்கு விட்டால் நடுவில் உள்ள நிறுவனம் கமிஷன் பிடிக்கிறது. பல கணினிகள் சேர்ந்து காக்கும் பொதுக் கணக்கேடான பிளாக்செயின் வந்தால் அந்த இடைத்தரகரே வேண்டாம் என்கிறார்கள். உண்மையா?

பதில்: பணத்தைக் கைமாற்ற இடைத்தரகர் வேண்டியதில்லை. தகராறு வந்தால் ஒருவர் வேண்டும்.

ஜெர்மனியின் மிட்வைடா ஊரில் 2015-ல் தொடங்கிய ஸ்லாக்.இட் நிறுவனம், எத்தீரியம் என்ற பிளாக்செயினோடு இணைந்த பூட்டு ஒன்றைச் செய்துகாட்டியது. உரிமையாளர் வாடகையையும் முன்பணத்தையும் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எனப்படும், தானே நிறைவேறும் ஒப்பந்த நிரலில் பதிந்துவிடுவார். தங்க வருபவர் முன்பணத்தை அதன் முகவரிக்கு அனுப்புவார். தொகை பதிவானதும் அவருடைய கைபேசிக் கட்டளைக்குப் பூட்டு திறக்கும். கிளம்பும்போது முடித்துக்கொண்டால் வாடகை உரிமையாளருக்குப் போய், மீதி தங்கியவரிடமே திரும்பிவிடும்.

மெத்தையில் கறை இருந்தால்? பூட்டு திறந்ததும் மூடியதும்தான் நிரலுக்குத் தெரியும். கறை புதிதா பழையதா என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். இதற்கு நடைமுறையில் உள்ள நல்ல வழி மூன்று சாவி முறை: உரிமையாளர், வாடகைதாரர், இருவரும் ஏற்ற ஒரு நடுவர் என ஆளுக்கொரு டிஜிட்டல் சாவி (கதவுக்கு அல்ல, முன்பணத்துக்கு). இரண்டு சாவி சேர்ந்தால்தான் முன்பணம் நகரும். சண்டை இல்லையென்றால் நடுவர் தலையிடவே வேண்டாம். நடுவர் யார், அவர் கூலியை யார் தருவது என்று எழுதாத திட்டத்தில் முன்பணம் கட்டாதீர்கள். முன்பணம் எத்தீரியத்தின் நாணயமான ஈதரில் இருந்தால், நீங்கள் தங்கியிருக்கும் நாட்களிலேயே அதன் விலை ஏறி இறங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: ஒப்பந்த நிரலிலேயே பிழை இருந்தால்?

பதில்: பணம் போய்விடும். ஸ்லாக்.இட் குழுவினர் உருவாக்கிய 'தி டிஏஓ' என்ற முதலீட்டு நிதியிலிருந்து 2016 ஜூன் 17 அன்று சுமார் 36 லட்சம் ஈதர் உறிஞ்சப்பட்டது. பணத்தைத் திரும்பக் கேட்டவருக்கு நிரல் முதலில் அனுப்பியது, பிறகுதான் கணக்கில் கழித்தது. கழிப்பதற்குள் அதே கோரிக்கை மீண்டும் மீண்டும் உள்ளே நுழைந்தது. இருப்பு குறையாததால் ஒவ்வொரு முறையும் பணம் வெளியேறியது. முதலில் கழித்துவிட்டு அனுப்பியிருந்தால் இது நடந்திருக்காது.

அந்த ஜூலை 20-ல் எத்தீரியத்தின் பதிவையே மாற்றிப் பணத்தை மீட்டார்கள். ஏற்காதவர்கள் மாற்றாத பழைய பதிவுச் சங்கிலியிலேயே தொடர்ந்தார்கள். அதுதான் எத்தீரியம் கிளாசிக். உங்கள் ஒரு வீட்டு முன்பணத்துக்காக யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஆகவே நிரலை வெளியார் தணிக்கை செய்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கமிஷன் இல்லாத நம்ம யாத்ரி ஆட்டோ செயலி பிளாக்செயினில் ஓடுவதா?

பதில்: இல்லை. செயலிகள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ள யாரும் பயன்படுத்தக்கூடிய, பெக்ன் என்ற திறந்த நெறிமுறையில் அமைந்தது அது. பயணக் கட்டணத்தில் சதவீதம் பிடிக்காமல், ஓட்டுநரிடம் சிறு தொகை மட்டும் வாங்கும் முறையில் வளர்ந்தது. கமிஷனை ஒழிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் பிளாக்செயின் தேவையே இல்லை.